விளக்கு பார்க்கப் போகும் குடும்பங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆல்டடீனா என்று ஓர் ஊர். அங்கே சான்டா ரோசா அவென்யூ என்ற தெருவின் இருபுறமும் வானுயர்ந்த மரங்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மரங்களில் வண்ண விளக்குகளைத் தொங்கவிடுவார்கள். மக்கள் குடும்பத்தோடு காரில் வந்து, காரின் முன்விளக்கை அணைத்துவிட்டு, ஊர்வலம் போல மெதுவாக அந்தத் தெருவைக் கடப்பார்கள். 1920-ல் தொடங்கிய பழக்கம் இது. காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் கிறிஸ்துமஸ் விளக்குக் காட்சிகள் அமெரிக்கா முழுவதும் இன்று எத்தனையோ உண்டு. ஆல்டடீனா அவற்றுக்கெல்லாம் மூத்தது என்று சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த மரங்கள் அமெரிக்க மரங்களே அல்ல, நம்முடைய இமயமலைத் தேவதாரு! 1880-களில் உட்பரி என்ற குடும்பத்தார் தங்கள் பண்ணை வீட்டுக்குப் போகும் வழிக்கு அழகாக இருக்கட்டும் என்று நட்டவை.

மின்விளக்கைக் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் யோசனை அதற்கும் முந்தியது. 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 சிறு பல்புகளை மாட்டினார். அத்தோடு விடாமல் மரத்தையே ஒரு இயந்திரத்தின் மேல் நிறுத்திச் சுழலவிட்டார். அங்கே பார்ப்பவர்கள் நின்றார்கள், மரம் சுற்றியது. ஆல்டடீனாவில் மரம் நின்றது, பார்ப்பவர்கள் நகர்ந்தார்கள்.

விளக்கு நிற்க மக்கள் சுற்றி வரும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியிலிருந்து போளூர், கலசபாக்கம் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் திருவண்ணாமலை. கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்னால், கார்த்திகை தீபத்தன்று, இந்தச் சாலையில் போகும் பேருந்து, வேன், கார் எல்லாவற்றிலும் விளக்கு பார்க்கப் போகும் குடும்பங்கள்தான்.

ஆரணிக்குக் கிறிஸ்துமஸும் அந்நியமில்லை. 1853-ல் ஸ்கடர் குடும்பத்தாரின் முயற்சியால் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஆரணியும் ஒன்று. ஆனால் ஊரே கிளம்பிப் போய்ப் பார்க்கும் விளக்கு என்றால் அது அண்ணாமலை தீபம்தான்.

கார்த்திகை விளக்கு எவ்வளவு பழையது? அகநானூற்றின் 141-வது பாட்டு நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்த வானத்தில் நிறைமதி கார்த்திகை மீன்களோடு சேரும் இரவில், பழைய ஊரின் தெருக்களில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு எடுக்கும் விழாவைப் பற்றி அதில் வருகிறது. பொருள் தேடிப் போன கணவன் அந்த விழாவைச் சேர்ந்து கொண்டாட வந்துவிட வேண்டும் என்று தலைவி ஆசைப்படுகிறாள். விளக்கு வரிசை என்றாலே குடும்பம் ஒன்று சேர்வது என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள். திருஞானசம்பந்தரும் மயிலாப்பூர்ப் பதிகத்தில் கார்த்திகை விளக்கீட்டைச் சொல்கிறார்.

இவை எல்லாம் வீட்டு விளக்கு, தெரு விளக்கு. திருவண்ணாமலையில் இருப்பது வேறு வகை. அங்கே 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஒரே ஒரு விளக்கு. இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தெரு விளக்கைப் பார்க்கத் தெருவுக்குப் போயாக வேண்டும். மலை விளக்கை அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே பார்க்கலாம். அதற்காகத்தானே இவ்வளவு சிரமப்பட்டு அதை உச்சியில் வைக்கிறார்கள்! வானம் தெளிவாக இருந்தால் 35, 40 கிலோமீட்டர் வரை தெரியும் என்பது ஊர்க் கணக்கு. சுற்றுவட்டார ஊர்களில் மலையில் தீபம் தெரிந்த பிறகே வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். தந்தி, தொலைபேசி எதுவும் இல்லாத காலத்தில் ஒரே நொடியில் பல ஊர்களுக்குச் செய்தி சொன்ன ஏற்பாடு இது.

அந்த ஊர்க் கணக்கை வைத்துப் பார்த்தால் ஆரணி வெளிச்சத்தின் எல்லைக்குச் சற்று வெளியே விழுகிறது. ஆகவே ஆரணிக்காரர்கள் பார்க்க வேண்டுமானால் கிளம்பத்தான் வேண்டும். பழைய நாட்களில் நடை அல்லது மாட்டு வண்டி. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் போகும் ரயில் பாதை 1891-ல் வந்தது. அதில் ஆரணி ரோடு என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. பெயரில் உள்ள அந்த 'ரோடு' எதற்கு என்று தெரியாதவர்களுக்கு: ஊர் அங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலை அங்கே இருக்கிறது என்று அர்த்தம். ரயில் ஊருக்குள் வரவில்லை, நெசவாளர்தான் ரயிலைத் தேடிப் போக வேண்டும். பிறகு பேருந்துகள் வந்ததும் ஆரணிக்காரர்களுக்கு அதுவே வசதியாகிப் போனது.

நெசவாளர் வீட்டுக்குக் கார்த்திகை ஒரு மாதிரியான மாதம். தீபாவளி விற்பனை முடிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை விடாது. குழித்தறியில் ஈரம் ஏறும். பாவு நீட்டிக் கஞ்சி போடத் தெருவும் வெயிலும் வேண்டும், இரண்டும் கிடைக்காது. எப்படியும் வேலை மெதுவாகப் போகும் நாட்களில் ஒரு மாலையைத் தீபத்துக்கு ஒதுக்குவது அவ்வளவு கடினமில்லை. போக முடியாத வீட்டில் பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் பொட்டலமாகக் கட்டி, நெருப்பு வைத்துச் சுழற்றினால் தலையைச் சுற்றிப் பொறி பறக்கும். சுழலும் விளக்குக்கு ஜான்சனைப் போல இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

மலை மேல் எரிவது என்ன என்பதும் சொல்ல வேண்டியது. சுமார் ஐந்தரை அடி உயரக் கொப்பரை, 3,500 கிலோவுக்குக் குறையாத நெய், 1,000 மீட்டருக்கு மேல் திரி. அந்தத் திரி காடாத்துணி, அதாவது வெளுக்காத முரட்டுப் பருத்தி. பக்கத்திலேயே இவ்வளவு பட்டு நெய்யும் ஊர் இருந்தும் ஒரு முழம் பட்டுக்கும் அங்கே வேலையில்லை. காரணம் ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். பட்டு அசலா என்று பார்க்க ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுவார்கள். அது சுருண்டு கருகி முடி எரிந்த வாடை வீசும், தீ நீடிக்காது. பருத்திதான் நெய்யை உறிஞ்சி நின்று எரியும். உடுத்தப் பட்டு, எரியப் பருத்தி!

கொப்பரையை மலைக்குச் சுமந்து போய் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜகுலம் என்னும் மீனவ சமூகத்தாருடையது. அன்று விடியற்காலை கோயிலுக்குள் பரணி தீபம். மாலையில் பஞ்சமூர்த்திகள் வெளியே வந்து அமர, அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடமே காட்சி தருவார். சரியாக ஆறு மணிக்கு உச்சியில் சுடர் எழும். கீழே 'அரோகரா' முழக்கம். பிறகு 11 நாட்கள் தொடர்ந்து மாலைதோறும் தீபம் எரியும். கூட்டத்துக்குப் பயந்த குடும்பங்கள் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் போவது இதனால்தான். நெய்யின் மிச்சக் கரி தீப மையாக மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தின்போது நடராஜருக்குச் சாத்தப்பட்டு, பக்தர்களுக்கும் கிடைக்கும்.

தூரத்திலிருந்து பார்க்க ஏற்றிய விளக்கை நெருங்கிப் பார்க்கும் ஆசை எப்போது இவ்வளவு பெருகியது? மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கும் கிரிவலம் பழையதுதான். ஆனால் லட்சக்கணக்கில் வெளியூர்க் கூட்டம் வருவது கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்த விஷயம். பேருந்து, ரயில், தொலைக்காட்சி மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு. சுற்றுவதோடு நிற்காமல் தீபத்தன்று உச்சிக்கே ஏறிவிட வேண்டும் என்ற ஆசையும் வளர்ந்தது. அரசு அனுமதிச் சீட்டு கொடுத்து 2,500 பேர் என்று எல்லை வகுக்க வேண்டி வந்தது. மலை அடிவாரமும் சும்மா இருக்கவில்லை. சரிவில் வீட்டுக்கு மேல் வீடாக ஏறிக்கொண்டே போனது. திருவிழா ஊருக்குத் தொழில் தந்தது, தொழில் ஆட்களைக் கொண்டுவந்தது, ஆட்களுக்கு வீடு வேண்டாமா?

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீடுகள் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் சிறுவர் சிறுமியர். விளக்கு பார்க்க மலைக்குப் போனவர்கள் அல்ல அவர்கள். விளக்கு எரியும் மலையின் அடியில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள்.

தீபத்துக்கு இன்னும் 12 நாட்களே இருந்தன. நிபுணர் குழு மலையேறி மண்ணைப் பார்த்தது. ஈரத்தில் ஊறிப்போன மண், உருளக் காத்திருக்கும் பாறைகள். கொப்பரை, நெய், திரி சுமப்பவர்களும் பணியில் உள்ளவர்களும் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது என்று அரசு முடிவு செய்தது. மனக்குறை இருந்தது உண்மைதான். ஆனால் நியாயமாகப் பார்த்தால் இதில் பறிபோன பழைய உரிமை ஒன்றும் இல்லை. தீபம் உச்சியில் ஏற்றப்படுவதே கீழே இருப்பவர்கள் பார்ப்பதற்காக. பர்வதராஜகுலத்தார் ஏறினார்கள், மற்றவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் பழைய ஏற்பாடு. 2024-ல் நடந்ததும் அதுவே.

ஐந்து வாரம் கழித்து, 2025 ஜனவரி 7-ம் தேதி, ஆல்டடீனாவில் ஈட்டன் காட்டுத்தீ பிடித்தது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சாம்பலாயின. சான்டா ரோசா அவென்யூவின் தேவதாரு மரங்கள் பெரும்பாலும் தப்பின, அவற்றை வேடிக்கை பார்த்து வளர்ந்த எத்தனையோ குடும்பங்களின் வீடுகள் தப்பவில்லை.

திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 13-ம் தேதி மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏற்றப்பட்டது. தீப நாளில் வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்குள் விடுவதில்லை. ஒவ்வொரு சாலையிலும் ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு அங்கேயே இறக்கிவிடுவார்கள். போளூர் சாலையில் வருகிறவர்களும் அப்படி இறங்கி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பிப்பார்கள். எல்லோராலும் ஆறு மணிக்குள் கோயிலை எட்டிவிட முடியாது. பாதி வழியில் யாராவது "அதோ!" என்பார்கள். நடந்தவர்கள் அந்த இடத்திலேயே, சாலையிலேயே நின்றுவிடுவார்கள்.