‘உபயம்’: திருப்பதிக் கல்வெட்டுகள் காட்டும் பொருள்

கோயில் மணியிலும் குழல்விளக்கிலும் ‘உபயம்’ என்று எழுதிக் கொடையாளர் பெயரைப் பொறிப்பது தமிழகத்தில் பெருவழக்கு. பேச்சுவழக்கில் இச்சொல் கோயிலைக் கடந்து, பிறர் செலவை ஒருவர் ஏற்பதையும் குறிக்கிறது. “இன்றைக்குக் காப்பி யார் உபயம்?” என்னும் வினாவில் மெல்லிய எள்ளலும் உண்டு. இவற்றைக் கொண்டு உபயம் என்பது கைம்மாறு கருதாத கொடை என்றோ, வெறும் பெயர் விளம்பரம் என்றோ கொள்வர். திருப்பதிக் கல்வெட்டுகள் காட்டும் பொருள் இவ்விரண்டினின்றும் வேறானது.

1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. அதிலிருந்து 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எனினும் திருமலை, திருப்பதிக் கோயில்களின் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை.

விசயநகர ஆட்சிக்காலக் கல்வெட்டுகளில் உபயம் ஓர் ஒப்பந்தமாகவே விளங்குகிறது. அரசர், அதிகாரிகள், வணிகர், கோயிற் பெண்டிர் எனப் பலரும் ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் செலுத்தினர். ஸ்தானத்தார் அப்பணத்தைக் கொண்டு திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவித்தனர். அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து கொடையாளர் குறித்த அமுதுபடி நடைபெற்றது. படைக்கப்பெற்ற பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்னும் பெயரால் கொடையாளருக்கு உரியதாயிற்று. ஸ்தானத்தார் இதனைச் சிலாசாசனமாக எழுதிக் கொடுத்தனர். சாளுவ நரசிம்மனைப் போன்றோர் இப்பங்கை யாத்திரிகருக்கு உணவளிக்கும் இராமாநுசகூடத்திற்கு அளித்தனர்; அதனை மேற்பார்த்தவர் கந்தாடை இராமாநுச ஐயங்கார். பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையின் பொருளியல் பயனை விளக்கியது.

ஆகவே உபயம் என்பது அளிப்பவர், பெறுபவர் ஆகிய இருவரையும் பிணித்த சொல். பணம் முதலாக நின்றது. நீர்ப்பாசனம் அதனைப் பெருக்கியது. கொடையாளர் உரிமை கல்லில் நிலைபெற்றது. இன்றைய வழக்கில் செலவை ஏற்றலும் பெயர் பொறித்தலும் எஞ்சின. முதலும் விழுக்காடும் மறைந்தன. அகராதிகள் இச்சொல்லுக்குத் ‘தருமம்’ என்று மட்டும் பொருள் தருமாயின், ஊர்களுக்கு நீர் தந்த ஒரு நிதிமுறையின் வரலாறு அச்சொல்லிலிருந்து உதிர்ந்துவிடும். கல்வெட்டுப் பொருளையும் உடன் சேர்ப்பதே முறையாகும்.