அணியின் அடுப்பு: சாரணர் முகாம் உருவாகி வளர்ந்த வரலாறு

பள்ளி ஆண்டு மலர்களில் சாரணர் படைக்கென ஒதுக்கிய பக்கத்தைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான் கண்ணில் படும். ராஜ்ய புரஸ்கார் விருது பெற்றோர் இத்தனை பேர், ராஷ்டிரபதி விருது பெற்றோர் இத்தனை பேர் என்று பட்டியல் நீளும். கோடையில் முகாம் போய் வந்த செய்தி கடைசியில் ஒற்றை வரியாக நிற்கும். ஒரு படையின் சாதனை என்றால் அது விருதுதான், முகாம் அதற்கு இடையில் கிடைத்த உல்லாசப் பயணம் என்ற எண்ணம் இந்த அமைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. இயக்கத்தின் தொடக்க காலச் சான்றுகளோ இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. முகாம்தான் முதலில் தோன்றியது. இயக்கத்துக்குரிய நூலும் சட்டமும் சின்னங்களும் அந்த முகாமிலிருந்து பிறந்தவை. அந்த முகாமின் கரு, சிறுவர் சிலர் அடங்கிய ஒரு சிறு அணி தன் அடுப்பைத் தானே மூட்டித் தன் இரவைத் தானே காத்துக்கொள்வது. இயக்கம் எங்கே உயிர்ப்போடு இருந்தது, எங்கே வெறும் அணிவகுப்பாகச் சுருங்கியது என்பதை அளக்க இந்த அணி அடுப்பே நம்பத்தக்க அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிறுவர்களைக் கூடாரத்தில் தங்கவைப்பது சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் கண்டுபிடிப்பு அல்ல. 1883இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஸ்மித் தொடங்கிய பாய்ஸ் பிரிகேட் அமைப்பு 1886இலேயே ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊரொன்றில் முகாம் நடத்திவிட்டது. ஆனால் பிரிகேட் அமைப்பின் உயிர்நாடி கவாத்து. வரிசையில் நிற்பதும் கட்டளைக்குத் திரும்புவதும் அங்கே ஒழுக்கப் பயிற்சியாகக் கருதப்பட்டன. கூடாரத்துக்கு இடம் மாறினாலும் அந்த முறை மாறவில்லை. வட அமெரிக்காவில் 1902இல் எர்னெஸ்ட் தாம்ப்சன் சீட்டன் தொடங்கிய வுட்கிராஃப்ட் இயக்கம் வேறு திசையில் போனது. காட்டைப் படிப்பது, தடம் அறிவது, சிறுவர் தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்துகொள்வது ஆகியவை அதன் கூறுகள். 1906இல் சீட்டனின் கையேடு பேடன் பவலின் கைக்கு வந்து சேர்ந்தது. அவரிடம் ஏற்கெனவே இரண்டு சரக்குகள் இருந்தன. ஒன்று, ஒற்றறியும் கலை குறித்துப் படைவீரர்களுக்காக அவர் எழுதி 1899இல் வெளிவந்த சிறுநூல். மற்றொன்று, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 217 நாள் முற்றுகையில் கிடந்தபோது அங்கிருந்த சிறுவர்கள் தூதுவேலை பார்த்ததைக் கண்ட அனுபவம். இம்மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து சோதிக்கப்பட வேண்டியிருந்தன. அந்தச் சோதனைக்களமே பிரவுன்சீ தீவு.

இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் அச்சிறு தீவில் 1907 ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுமார் 20 சிறுவர்கள் கூடினார்கள். ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் வீட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள் ஒரு பாதி. பூல், போர்ன்மத் ஊர்களின் பாய்ஸ் பிரிகேடிலிருந்து வந்த உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் மறுபாதி. முன்னவர்களுக்குக் கட்டணம் ஒரு பவுண்டு, பின்னவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். வந்தவர்களை ஓநாய், காளை, ரேவன் என்னும் அண்டங்காக்கை, கர்லியூ என்னும் வளைமூக்குப் பறவை ஆகியவற்றின் பெயரில் நான்கு அணிகளாகப் பிரித்தார் பேடன் பவல். ஓநாய்க்கு நீலம், காளைக்குப் பச்சை, அண்டங்காக்கைக்குச் சிவப்பு, கர்லியூவுக்கு மஞ்சள் எனத் தோளில் நிறக்கயிறு. அணிக்கு ஒரு கூடாரம், ஒரு தலைவன். பகல் நிகழ்ச்சிகளில் முடிச்சுப் போடுவதும் தடம் பார்ப்பதும் படகோட்டுவதும் இருந்தன. மதிய உணவுக்குப் பின் எல்லோரும் பேச்சுமூச்சின்றி ஓய்வெடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது இரவில் நடந்தது. ஒவ்வொரு நாளும் ஓர் அணி முறை வைத்து மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தேயிலை ஆகியவற்றை அளந்து வாங்கிக்கொண்டு குறித்த இடத்துக்குப் புறப்பட்டது. ஒவ்வொருவனும் மேலங்கியும் கம்பளியும் சமையல் பாத்திரமும் தீக்குச்சியும் தானே சுமந்தான். போன இடத்தில் தீ மூட்டி, இரவுணவு ஆக்கி உண்டு, காவல் நிறுத்திவிட்டுப் படுத்தார்கள். இரவு 11 மணிக்குள் மற்ற அணித்தலைவர்களும் பேடன் பவலும் இருட்டில் பதுங்கி வந்து அவர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பெரியவரின் கண் அங்கே இருந்தது உண்மை. ஆனால் அடுப்பும் காவலும் சிறுவர் கையில் இருந்தன. ஈட்டன் மாணவனும் கூலிக்காரர் மகனும் ஒரே அடுப்பில் வேகும் கிழங்குக்குக் காத்திருந்ததும் அந்த இரவில்தான்.

அடுத்த ஜனவரியில் இருவாரத்துக்கு ஒரு பகுதியாக ஆறு பகுதிகளில் வெளிவந்த 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' நூல் தீவில் சோதித்த முறையை நாடெங்கும் கொண்டுபோனது. அந்நூல் வகுத்த தேர்ச்சிப் படிகளைக் கூர்ந்து பார்த்தால் விருதுக்கும் முகாமுக்கும் இருந்த தொப்புள்கொடி உறவு புலப்படும். இரண்டாம் வகுப்புச் சாரணன் ஆக விரும்புவோன் இரண்டே தீக்குச்சிகளுக்குள் அடுப்பு மூட்டிக் காட்ட வேண்டும். கால் பவுண்டு இறைச்சியையும் இரண்டு உருளைக்கிழங்கையும் தன் தூக்குப் பாத்திரத்தைத் தவிர வேறு பாண்டமின்றிச் சமைக்க வேண்டும். முதல் வகுப்புக்கு ஏழு மைல் நடந்தோ துடுப்பு வலித்தோ போய்த் திரும்பி, கண்டதைச் சிறு அறிக்கையாக எழுதித் தர வேண்டும். இரண்டு தீக்குச்சி என்ற வரம்பை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது குச்சி இல்லை என்று தெரிந்த பையன் முதலில் சுள்ளியைத் தொட்டு ஈரம் பார்ப்பான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று கவனிப்பான், மெல்லியதை அடியிலும் கனத்ததை மேலேயும் அடுக்குவான். அதன் பிறகே குச்சியை உரசுவான். முகாமில் நடக்க வேண்டியதன் சுருக்கமே அந்தத் தேர்வு. தொடக்ககாலச் சின்னம் என்பது முகாமில் பழகியதற்கு ஒரு சாட்சிச் சீட்டு, அவ்வளவே.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. சாரண முறை ராணுவத்தின் குழந்தை, அணி என்பதே படையின் ஒற்றுப்பிரிவின் நகல், முகாம் பேரரசுக்கு வீரர்களைத் தயாரிக்கும் பட்டறை என்பது அது. பேடன் பவல் படைத்தளபதி என்பதும், பேரரசு குறித்த பெருமிதம் அவர் எழுத்தில் நிரம்பிக் கிடக்கிறது என்பதும் மறைக்க முடியாதவை. எனினும் நோக்கம் வேறு, வடிவம் வேறு. பேரரசுக்கு வீரர் வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் பிரிகேடின் கவாத்து முறையே போதும். அதைத் தவிர்த்துவிட்டு, கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கும் சிறு அணியை அடிப்படையாக வைத்ததில் ராணுவ மரபைக் காட்டிலும் சீட்டனின் மரபே மேலோங்குகிறது. 1914இல் ரோலண்ட் பிலிப்ஸ் அணி முறைக்கென்றே தனி நூல் எழுதியபோது அந்தச் சாய்வு இயக்கத்தின் கொள்கையாகவே நிலைபெற்றது. தவிர, ஒரு வடிவம் அதை உருவாக்கியவர் எண்ணாத பயனுக்கும் உதவும். சென்னையில் நடந்ததே அதற்குச் சான்று. அதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாம் மறுப்பு இன்னும் வேதனையானது. சிறுவர் கையில் பொறுப்பைக் கொடுப்பது ஆபத்து என்பது அது. 1912 ஆகஸ்ட் 4ஆம் நாள் லண்டனின் வால்வொர்த் பகுதிச் சாரணர்கள் ஷெப்பி தீவில் முகாமிடப் படகில் போனார்கள். லேஸ்டௌன் கரையை நெருங்கும்போது திடீர்க் காற்றில் படகு கவிழ்ந்து ஒன்பது சிறுவர் இறந்தனர். இந்த இழப்பை இயக்கத்தின் வரலாற்றில் அடிக்குறிப்பாக ஒதுக்குவது தகாது. ஆனால் கவிழ்ந்தது பெரியவர் உடனிருந்த படகு என்பதைக் கவனிக்க வேண்டும். அணிக்குத் தன்னாட்சி கொடுத்ததால் வந்த விபத்து அல்ல இது. பெரியவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்ற தேவைக்கு 1919இல் அமைப்பு ரீதியான விடை கிடைத்தது. வில்லியம் டி பாய்ஸ் மெக்லாரன் தந்த கொடையில் லண்டனுக்கருகே கில்வெல் பூங்கா வாங்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் சாரணத் தலைவர்களுக்கான முதல் பயிற்சி முகாம் நடந்தது. வளர்ந்த ஆண்களே அணிகளாகப் பிரிந்து தங்கள் சோற்றைத் தாங்கள் ஆக்கினார்கள் என்பதுதான் அதில் பொருள் பொதிந்த செய்தி. அடுப்பு மூட்டத் தெரியாதவர் அடுப்பைச் சிறுவனிடம் ஒப்படைக்கக் கூடாது என்று இயக்கம் முடிவு செய்ததாகவே இதைக் கொள்ளலாம்.

முகாமே இயக்கத்தின் கரு என்பதையே பெருந்திரளணி என்னும் ஜாம்போரியின் கதையும் காட்டுகிறது. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சுமார் 11,000 சாரணர் திரண்டனர். அழைப்பின்றி வந்து நின்ற சிறுமியர் கூட்டம் அடுத்த ஆண்டு சாரணியர் இயக்கத்துக்கு வழி திறந்தது. 1920இல் முதல் உலகப் பெருந்திரளணி லண்டன் ஒலிம்பியா அரங்கின் கண்ணாடிக் கூரையின்கீழ், பார்வையாளர் முன் நடத்திக் காட்டும் நிகழ்ச்சியாகவே நடந்தது. சாரணர்களில் ஒரு பகுதியினர் ரிச்மண்டில் கூடாரமடித்துத் தங்கி தேம்ஸ் வெள்ளத்தில் நனைந்தார்கள். 1924இல் கோபன்ஹேகனில் இரண்டாவது பெருந்திரளணி முழுக்கக் கூடாரங்களுக்கு மாறிவிட்டது. அதன்பின் அரங்குக்கு அது திரும்பவே இல்லை. 1929இல் பர்கன்ஹெட் அருகே ஆரோ பார்க்கில் சுமார் 50,000 பேர் கூடியபோது மழை கொட்டி மைதானம் சேற்றுக்காடானது. கலைந்து போகவில்லை என்பதே அந்தக் கூட்டத்தின் பெருமையாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இந்தியாவுக்கு வருவோம். 1909இல் பெங்களூரில் கேப்டன் டி. எச். பேக்கர் முதல் படையைத் தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே. எல்லாச் சாரணரும் வர்க்க வேறுபாடின்றிச் சகோதரர் என்று சொல்லும் சட்டத்தைத் தாங்கிய இயக்கம், அந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியது. இந்தியச் சிறுவருக்கு இப்பயிற்சி கொடுத்தால் அது கலகக்காரர்களை வளர்த்துவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள் என்பதை வரலாற்றாய்வாளர் கேரி வாட் விரிவாக நிறுவியிருக்கிறார். அந்த அச்சத்தை வெறும் இனவெறுப்பு என்று கடந்துவிட முடியாது. முகாமின் உள்ளாற்றலை இயக்கத்தவரைவிட அதிகாரிகள் துல்லியமாக எடைபோட்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது. தானே உணவாக்கி, தானே காவல் நின்று, தன் தலைவன் சொல்லை மட்டும் கேட்டுப் பழகிய எட்டுப் பேர், ஆட்சியாளருக்கு எட்டு மாணவர்களாகத் தெரியவில்லை. 1916இல் அன்னி பெசண்டும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலையில் தலைப்பாகை, வாயில் இந்தியப் பாடல்கள். அதே 1916இல்தான் பெசண்ட், தன்னாட்சி கோரும் ஹோம் ரூல் இயக்கத்தையும் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவரும் அருண்டேலும் அவர்களுடைய சகா பி. பி. வாடியாவும் காவலில் வைக்கப்பட்டார்கள். தன்னாட்சி கேட்ட கை சாரணர் அணியையும் அமைத்தது தற்செயல் அல்ல. நாட்டுக்குக் கேட்டதை அவர் ஓர் அணியின் அளவில் பழக்கிப் பார்த்தார் என்பது என் வாசிப்பு. 1918இல் அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அமைத்த சேவா சமிதி சாரணர் சங்கம் இதே தர்க்கத்தைப் பொதுச்சேவைப் பக்கம் நீட்டியது.

தமிழ் மண்ணில் பொது அடுப்பு என்ன பாரம் சுமந்தது என்பதை அறிய அதே காலத்துச் சேரன்மாதேவி குருகுலத்தைப் பார்த்தால் போதும். வ. வே. சு. ஐயர் நடத்திய அந்தத் தேசியக் கல்விக்கூடத்தில் பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனிப்பந்தி என்ற ஒரே காரணம் 1924, 1925 ஆண்டுகளில் தமிழகக் காங்கிரசையே உலுக்கியது. பந்தி அவ்வளவு கனமாக இருந்த சமூகத்தில், அணி ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்ண வேண்டும் என்ற முறை வெறும் முகாம் ஒழுங்காக இருந்திருக்க வழியில்லை. பிரவுன்சீயில் வர்க்கத்தைத் தொட்ட அடுப்பு இங்கே சாதியைத் தொட்டது. எழுதிய விதி ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்திருக்கலாமே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் விதி எழுதப்பட்டிருப்பதே, அதைக் காட்டிக் கேள்வி கேட்கும் உரிமையைச் சிறுவனுக்குக் கொடுத்துவிடுகிறது. கதவைச் சாத்தியவர்களிடம் சாரணச் சட்டத்தைக் காட்டிக் கேட்ட இந்தியர்களும் அதே உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசண்டின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி விலகியே நின்றது. 1937 பிப்ரவரியில் டெல்லியில் அனைத்திந்தியப் பெருந்திரளணி நடந்தது. அதற்காக மீண்டும் இந்தியா வந்த பயணத்தையொட்டி இந்தியர் குணம் பற்றி பேடன் பவல் வெளியிட்ட கருத்துகள் கொந்தளிப்பைக் கிளப்பின. அதன் எதிரொலியாக 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7ஆம் நாள் பிரிந்து கிடந்தவை பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாகி, 1951 ஆகஸ்ட் 15 முதல் சாரணியரும் சேர்ந்தனர். இத்தனை பிளவுகளிலும் இணைப்புகளிலும் கொடியும் உறுதிமொழியும் தலைமையும் சர்ச்சைக்கு உள்ளாயின. அணியும் அதன் முகாமும் எந்தத் தரப்பாலும் கைவிடப்படவில்லை. அரசியலில் எதிரெதிர் முகாமில் நின்றவர்கள் சிறுவருக்கு ஒரே முகாமைத்தான் தேர்ந்தார்கள். வடிவத்தின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2025 தொடக்கத்தில் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தபோது, தமிழ்நாட்டுச் சிறுவர் சிறுமியர் பலருக்குத் தங்கள் மண்ணிலேயே அந்த அனுபவம் வாய்த்தது. இத்தகைய பெருங்கூட்டங்களின் வரலாறு படங்களாகவும் அரசுச் செய்திகளாகவும் தானே நிலைத்துவிடும். ஆபத்தில் இருப்பது மற்றொன்று. ஒவ்வோர் அணியும் முகாமில் எழுதிவைக்கும் பதிவேடுதான் அது. தண்ணீர் கொண்டுவந்தவர் யார், அடுப்பு மூட்டியவர் யார், இரவுக் காவல் யார் முறை, சோறு குழைந்ததா என்று சிறுவர் கையெழுத்தில் கிடக்கும் நாற்பது பக்க நோட்டு. விருதுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டும் பள்ளிகள் இந்த நோட்டைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடுகின்றன. சாரணர் படையின் சாதனையை எழுத விரும்பும் ஆய்வாளர் விருதுப் பட்டியலைக் கேட்பதற்கு முன் அந்த நோட்டைக் கேட்க வேண்டும். பள்ளியின் பொருள் அறையில், கூடாரக் கித்தானுக்கும் கயிற்றுச் சுருளுக்கும் அடியில்தான் அது வழக்கமாக இருக்கும்.