மண்புழுவை விலைக்கு வாங்கி வயலில் விட வேண்டுமா?

"ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ மண்புழு வாங்கி விட வேண்டும்?" பயிற்சிக்கு வரும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வாங்க வேண்டாம் என்பதே பதில். காரணத்தைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், மண்ணும் வளமாகும்.

உரத்தொட்டிப் புழு வேறு, வயல் புழு வேறு

மண்புழு உரம் தயாரிக்கப் பயன்படும் யூட்ரிலஸ் யூஜெனியே (ஆப்பிரிக்கப் புழு), ஐசினியா ஃபெட்டிடா போன்றவை மேல்மட்டப் புழுக்கள். சாணமும் மட்கும் குப்பையும் ஈரமும் இருக்கும் இடத்தில்தான் வாழும். வெறும் வயலில் விட்டால் தாக்குப்பிடிக்காது.

லாம்பிட்டோ மாரிட்டி போன்ற நம் நாட்டுப் புழுக்களோ மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. மழைக்குப் பின் வரப்போரம் குவியல் குவியலாகத் தெரியும் மண் உருண்டைகள் இவற்றின் கழிவே.

மண்ணுக்கு என்ன செய்கின்றன?

• வளைகள் வழியே மழைநீர் உள்ளே இறங்குகிறது. வேருக்குக் காற்று கிடைக்கிறது.
• இலைதழைகளை மண்ணோடு சேர்த்துத் தின்று, நுண்ணுயிர்கள் நிறைந்த கழிவாக வெளியேற்றுகின்றன.
• அந்தக் கழிவு உருண்டைகள் எளிதில் கரையாததால் மண் பொலபொலப்பாகிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1944-இல் வெளியான ஆய்வில், சுற்றியுள்ள மேல்மண்ணைவிடப் புழுக்கழிவில் நைட்ரேட் தழைச்சத்து 5 மடங்கும், பயிருக்குக் கிட்டும் மணிச்சத்து 7 மடங்கும், சாம்பல் சத்து 11 மடங்கும் இருந்தன. ஆனால் புழு புதிதாகச் சத்தை உருவாக்குவதில்லை. மண்ணிலும் குப்பையிலும் இருப்பதைப் பயிர் எடுக்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. தீனி இல்லாவிட்டால் புழுவும் இல்லை, பலனும் இல்லை.

உங்கள் வயலில் எண்ணிப் பாருங்கள்

நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் மண்ணை வெட்டிச் சாக்கின் மேல் கொட்டி உதிர்த்து எண்ணுங்கள். ஐந்து இடங்களில் பார்ப்பது நல்லது. குழிக்குப் பத்துப் புழுக்கள் இருந்தால் மண் நலமாக இருக்கிறது. எண்ணியபின் புழுக்களை மண்ணோடு குழியிலேயே போட்டு மூடிவிடுங்கள். கோடையில் அவை ஆழத்தில் சுருண்டு கிடக்கும். அப்போது எண்ணி முடிவு செய்யாதீர்கள்.

வரப்போரத்திலும் ஒரு குழி எடுங்கள். அங்கே புழு இருந்து வயலில் இல்லையென்றால், சாகுபடி முறையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

புழுவை விரட்டுபவை

• தாள், தோகைகளை எரிப்பது. நிலத்தை மூடாக்கின்றி வெயிலில் போடுவது.
• ரோட்டவேட்டரை மீண்டும் மீண்டும் ஓட்டுவது.
• கார்போபியூரான் குருணை, கார்பன்டாசிம் ஆகியவற்றைத் தேவையின்றி மண்ணில் இடுவது. தாமிரப் பூசணக்கொல்லியும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் சேர்ந்து பாதிக்கும்.

ரசாயன உரம் இட்டாலே புழு செத்துவிடும் என்பது சரியல்ல. மண் பரிசோதனைப்படி அளவாக இட்டு, தொழு உரமும் சேர்த்தால் புழுக்கள் இருக்கும்.

புழுவை வரவழைப்பவை

ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழு உரம் இடுங்கள். தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். கரும்புத் தோகையைப் பார்களுக்கிடையே பரப்புங்கள். ஒரு மூலையில் மரநிழலில் மண்ணைக் கிளறாமல், இலைச்சருகோடு விட்டுவையுங்கள். அங்கிருந்து புழுக்கள் வயலுக்குப் பரவும்.

தொட்டியில் தயாரித்த மண்புழு உரத்தைத் தாராளமாக இடலாம். ஆனால் அதில் தழைச்சத்து ஏறக்குறைய ஒரு சதவீதமே. ஒரு டன்னில் 10 கிலோதான் கிடைக்கும். அதை மட்டும் நம்பி மற்ற உரங்களை ஒரே பருவத்தில் நிறுத்தினால் மகசூல் குறையும். படிப்படியாகக் குறையுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் குழியெடுத்து எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை கூடுகிறதென்றால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.