ஒயர் எட்டாத இடத்து லினக்ஸ்

லினக்ஸ் கணினிக்கு வீட்டு இணையம் சரியாக அமையாத கதைகளில் பழி பெரும்பாலும் கஸ்டமர் கேர் தலையில்தான் விழும். விண்டோஸ் இருந்தால்தான் உதவுவோம் என்ற பதில் எல்லோரும் கேட்டு அலுத்தது. ஆனால் ஜோலார்பேட்டை, ஆம்பூர், ஏலகிரி வட்டாரத்துக்குள் இணையம் எந்தெந்தக் கருவி வழியாக நுழைந்தது என்று வரிசையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. வீட்டுக்குத் தந்த பெட்டி எப்படிப்பட்டது, வீடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்ற இரண்டுமே லினக்ஸ்காரரின் தலையெழுத்தைத் தீர்மானித்தன.

தொடக்கத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது, மலிவான ஷெல் அக்கவுண்டில் வந்தது வெறும் எழுத்துதான். மறுமுனையில் இருந்ததே யூனிக்ஸ். இந்தப் பக்கம் ஒரு டெர்மினல் நிரலும் மோடமும் இருந்தால் எந்தக் கணினியும் போதும். அன்று மலையடிவாரத்துக்காரரை மறித்தது காசு: சென்னை எண்ணுக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். கணினியைப் பார்த்துக் கதவை மூடும் வழக்கம் தொண்ணூறுகளின் கடைசியில் மலிவு விலை உள்மோடம்களோடு வந்தது. மோடம் செய்ய வேண்டிய வேலையை அவை விண்டோஸ் டிரைவர் வழியே கணினியின் பிராசஸரிடம் தள்ளிவிட்டன. லினக்ஸ் வைத்திருந்தவர் கூடுதல் விலை கொடுத்து வெளிமோடம் வாங்கினார்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. அதன் மோடம்கள் பலவற்றில் இரண்டு சாக்கெட்டுகள் இருந்தன. யூ.எஸ்.பி.யில் செருகினால் சிடியிலிருந்து டிரைவர் போட வேண்டும். ஈதர்நெட்டில் செருகினால் எதுவும் வேண்டாம். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, பெயரையும் பாஸ்வேர்டையும் மோடத்திலேயே பதிந்துவிட்டால் எந்த இயங்குதளத்துக்கும் இணையம் ஓடும். ஆனால் இந்தச் சேவை செம்புக் கம்பியில் வருவது. எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் போவதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும். ஆம்பூர் டவுனில் இருந்த தோல் கம்பெனி அலுவலகத்துக்கு இது போதும். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேல் சிதறிக் கிடக்கும் ஏலகிரியின் சிற்றூர்களில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருந்த வீட்டுக்கு எப்படிப் போதும்? அப்படிப்பட்ட வீடுகளுக்கு மிஞ்சியது, மொபைல் சிக்னலில் இணையம் தரும் யூ.எஸ்.பி. டாங்கிள். அதைச் செருகியதும் தன்னை ஒரு சிடி டிரைவாகத்தான் முதலில் காட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது விண்டோஸுக்கான மென்பொருள். அது நிறுவப்பட்ட பிறகே டாங்கிள் மோடமாக மாறும். லினக்ஸில் இந்த மாற்றத்தைச் செய்ய யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்ற தனி நிரல் உண்டு. அதை இறக்க முதலில் இணையம் வேண்டும்!

லினக்ஸ் வைத்திருந்தவர் எத்தனை பேர், அவர்களுக்காகவா இவ்வளவு விசாரம் என்று கேட்கலாம். அரசே கொடுத்தது என்பதுதான் பதில். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சூசே லினக்ஸைப் பரப்பியது; 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பும் இருந்தது. மாணவர்கள் விண்டோஸ் பக்கமே போனதற்குப் பழக்கமும் விளையாட்டும் காரணம் என்பார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் டாங்கிள் ஒரு பக்கத்தில் மட்டும் சொன்னதைக் கேட்கும் வீட்டில் அதை முழுக்க விருப்பம் என்று எழுதிவிட முடியாது. எல்லா இயங்குதளத்துக்கும் ஆள் பயிற்றுவிப்பது கட்டுப்படியாகாது என்ற நிறுவனங்களின் வாதம் இதைவிட வலுவானது. ஆனால் ஈதர்நெட் சாக்கெட் அந்தப் பயிற்சியே தேவையில்லை என்று 2005-லேயே காட்டிவிட்டது. பின்னால் வந்த டாங்கிள்கள் சில தங்களை ஈதர்நெட் போலவே காட்டிக்கொண்டன. வைஃபை பெட்டிகளும் வந்தன. தொழில்நுட்பத்தில் அப்படியொன்றும் தடை இருக்கவில்லை, முன்பே அப்படிச் செய்ய யாருக்கும் அவசரம் இல்லை, அவ்வளவுதான். இன்று ஃபைபர் இழுக்க வருபவர் தன் போனில் ஸ்பீடு பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அந்தப் போன் ஆண்ட்ராய்டு என்றால், உள்ளே ஓடுவதும் லினக்ஸ்தான்.