வனமோகினியும் போர்க்காலக் காடும்

சித்தூர் வட்டாரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காடு புதிய பொருளன்று. பறம்பிக்குளத்துத் தேக்கினை யானைகள் இழுத்துச் சேர்க்க, கொச்சி அரசின் டிராம் வண்டி அதனைச் சாலக்குடிக்குச் சுமந்து சென்ற காலம் ஒன்று உண்டு. அந்த டிராம் ஓடிக்கொண்டிருந்த 1941-ஆம் ஆண்டில், தமிழ்த் திரையில் வேறொரு காடு தோன்றியது. அதுவே 'வனமோகினி'.

இயக்கியவர் பம்பாயின் பகவான். குறைந்த செலவில் சண்டைப் படங்கள் எடுப்பதில் பெயர் பெற்றவர். இசையமைத்தவர் சி. ராமச்சந்திரா. இவ்விருவரே 1951-இல் 'அல்பேலா' என்னும் இந்திப் படத்தால் நாடெங்கும் புகழ் எய்தினர். தமிழ் அறியாத இருவர் தமிழ்ப் படம் எடுத்தது அந்நாளில் வியப்பன்று! நாயகன் எம். கே. ராதா. நாயகி யாழ்ப்பாணம் தந்த தவமணி தேவி. சந்துரு என்ற யானையும் உடன் நடித்தது. 1936-இல் ஹாலிவுட்டில் டோரதி லாமூர் மலாயாக் காட்டுப் பெண்ணாக நடித்த படமே இதற்குத் தூண்டுதல். தவமணி தேவி அணிந்த சாரம் போன்ற உடை அக்காலத்தில் பெரும் பேச்சாயிற்று.

புராணப் படத்திற்கு அரண்மனை வேண்டும், அணிமணிகள் வேண்டும், தேர், படை, பரிவாரம் வேண்டும். காட்டுப் படத்திற்கோ மரமும் கொடியும் பழகிய யானை ஒன்றும் போதும். போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் அருகி, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாதென அரசு வரம்பு கட்டுமளவுக்கு முடை முற்றியது. அத்தகைய காலத்தை நெருங்கி நின்ற படத்தொழிலுக்குக் காடு ஒரு சிக்கன வழியாக அமைந்தது என்றே நாம் கருதுகிறோம். அதே ராதா 1948-இல் பெரும்பொருட் செலவில் உருவான 'சந்திரலேகா'வில் குகைக்குள் அடைபட்டபோதும், பாறையைப் புரட்டி அவரை மீட்டவை யானைகளே.

ஆயினும் 'வனமோகினி' வெளிவந்த அதே 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தபாருவில் இறங்கியது. லாமூரின் படம் இன்பவனமாகக் காட்டிய அந்நாட்டில் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர் பெரும்பாலும் நம்மவர். அவர்களுள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் மாண்டவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. அவர்கள் ஊர்களில், போர் முடியும் வரை கடிதமும் பணமும் வராமல் வீடுகள் காத்திருந்தன.