கொடை வழங்கிகளும் ஓரிகன் ஆய்வகமும்

திறந்த மூல மென்பொருளைப் பெறப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் அதைத் தாங்கும் வழங்கிக்கு இடம், மின்சாரம், குளிரூட்டல், இணைய இணைப்பு, பராமரிப்பு ஆகியவை தேவை. இவை இல்லாவிட்டால் கொடையாகக் கிடைத்த வழங்கியாலும் பயனில்லை.

இவ்வசதிகளை அளிக்கும் திறந்த மூல ஆய்வகத்தை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2003-இல் தொடங்கியது. அப்பாச்சி, டெபியன், ஜென்டூ உள்ளிட்ட திட்டங்களின் வழங்கிகள் அங்கு இடம்பெற்றன. அவற்றைப் பராமரிக்கும் பணியில் மாணவர்கள் பயிற்சி பெற்றனர். தமிழ்நாட்டில், சென்னை ஐஐடியின் வழங்கி டெபியன் நகலை வைத்திருந்து உள்நாட்டுப் பயனர்களுக்கு உதவியது.

2025-இல் இரண்டரை இலட்சம் டாலர் பற்றாக்குறையால் ஓரிகன் ஆய்வகம் மூடப்படும் நிலைக்கு வந்தது. கொடையாளர்கள் உதவியதால் தப்பியது. வழங்கியை ஒருமுறை கொடுத்தால் போதும். அதை இயக்கும் செலவை ஆண்டுதோறும் யாரேனும் ஏற்க வேண்டும்.