கணினி மாதிரிகள்: பாய்மரப் படகு முதல் பருத்திச் சட்டை வரை

ஒரு பாய்மரப் படகு எந்தக் காற்றில் எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதை, அது கட்டப்படுவதற்கு முன்பே கணினியில் கணித்துவிட முடிகிறது. கடையில் தொங்கும் ஒரு பருத்திச் சட்டை எந்த வயலில் இருந்து புறப்பட்டது என்பதைப் பின்னோக்கித் தேடவும் இப்போது கணினி மாதிரிகள் பயன்படுகின்றன.

ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் இந்த இரு பணிகளும் ஒரே விதியை நம்பியிருக்கின்றன. ஓர் எல்லைக்குள் சென்ற பொருள் அதே அளவில் வெளியே வர வேண்டும், அல்லது உள்ளேயே இருக்க வேண்டும். இடையில் எதுவும் தானாகத் தோன்றவோ மறையவோ முடியாது என்பதே அந்த விதி.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மொன்றியல் நகருக்கு இரு துறைகளிலும் பங்கு உண்டு. படகு வடிவமைப்பில் அதன் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. சரக்குப் போக்குவரத்தைக் கணிதமாக மாற்றும் ஆய்வில் அதன் அனுபவம் அரை நூற்றாண்டைக் கடந்தது. கணக்கை நிஜத்துடன் ஒப்பிடத் தவறினால் என்ன நேரும் என்பதற்கான பாடம் ஒன்றும் அந்த மாகாணத்திலேயே இருக்கிறது.

பொறியாளர் டகனின் படகுகள்

மொன்றியலை அடுத்த டோர்வாலில், செயின்ட் லூயி ஏரிக்கரையில், 1888ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் செயின்ட் லாரன்ஸ் படகுக் கழகம் அமைந்துள்ளது. சீவனாக்கா கோப்பை என்ற சர்வதேசப் பரிசை அமெரிக்கர்களிடம் இருந்து 1896இல் அக்கழகம் வென்றது. வெற்றி பெற்ற கிளென்கேர்ன் என்ற படகை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹெரிக் டகன். இவர் டொமினியன் பிரிட்ஜ் என்ற இரும்புப் பாலக் கட்டுமான நிறுவனத்தின் பொறியாளர்.

அக்காலப் போட்டிகளில் படகின் நீர்மட்ட நீளத்தையும் பாயின் பரப்பளவையும் கொண்டு அதன் தரம் கணக்கிடப்பட்டது. படகு நிமிர்ந்து நிற்கும்போதுதான் நீளம் அளக்கப்பட்டது. ஆனால் பந்தயத்தில் காற்றின் அழுத்தத்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். சாயும்போது நீரில் படியும் நீளம் கூடினால் வேகமும் கூடும்.

இந்த இடைவெளியை டகன் நன்கு பயன்படுத்தினார். 1898ஆம் ஆண்டு அவர் கட்டிய டொமினியன் என்ற படகின் அடிப்பாகம் நடுவில் வளைவாக மேலெழும்பி, ஏறக்குறைய இரண்டு படகுகளை ஒட்டியது போல இருந்தது. சாய்ந்து ஓடும்போது அது ஒடுங்கிய, நீண்ட ஒற்றைப் படகாக மாறியது. கோப்பை மொன்றியலிலேயே தங்கியது. கடும் சர்ச்சையும் எழுந்தது.

விதி அளந்தது ஒரு படகை, ஓடியது வேறொரு படகு என்பதே அச்சர்ச்சையின் சாரம். அளவீட்டு முறை ஒவ்வொன்றிலும் இத்தகைய இடைவெளி இருக்கக்கூடும் என்பதை இன்றைய மாதிரியாளர்களும் கவனத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

வேகத்தைக் கணிப்பது எப்படி?

ஒரு பாய்மரப் படகு சீரான வேகத்தில் செல்லும்போது அதன் மீது செயல்படும் விசைகள் அனைத்தும் சமநிலையில் இருக்கும். பாய் தரும் உந்துவிசை நீரின் எதிர்ப்புக்குச் சமமாக இருக்கும். படகைச் சாய்க்கும் விசையை அதன் எடையும், ஏரா எனப்படும் அடிக்கட்டையும் ஈடுசெய்யும். இந்தச் சமன்பாடுகளைத் தீர்த்து வேகத்தைச் சொல்லும் கணினி நிரல்களை 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

அடுத்த கட்டமாக, நீரையும் காற்றையும் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுழையும் நீரும் வெளியேறும் நீரும் சமமா என்று கணினி சரிபார்க்கும் முறை வளர்ந்தது. விமானத் துறையிலும் இதே முறைதான் பயன்படுகிறது. விமானத்தின் மீது பனிக்கட்டி படிவதைக் கணிக்கும் ஆய்வுகள் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இவ்வகையில் நடைபெற்றுள்ளன. கடற்கரையே இல்லாத சுவிட்சர்லாந்தின் அலிங்கி அணி 2003ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பையை வென்றபோது, லோசான் நகரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் கணித வல்லுநர்கள் அதற்குத் துணை நின்றனர்.

எனினும் மாதிரிகள் ஏமாற்றியதும் உண்டு. 1974ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட மரினர் என்ற படகு, சோதனைத் தொட்டியில் இழுக்கப்பட்ட சிறிய மாதிரிகளை நம்பி வடிவமைக்கப்பட்டது. சிறிய மாதிரியின் அடியில் நீர் நடந்துகொண்ட விதம் முழு அளவுப் படகில் மாறிவிட்டது. மரினர் தோல்வி கண்டது.

1983இல் வென்ற ஆஸ்திரேலியா இரண்டு என்ற படகு வேறு வழியில் சென்றது. சிறகு பொருத்திய அதன் ஏரா, நெதர்லாந்தில் கணினிக் கணிப்புகளாலும், அங்குள்ள வாகனிங்கன் சோதனைத் தொட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பெரிய மாதிரிகளாலும் சோதிக்கப்பட்டது. கணிப்பும் சோதனையும் ஒன்றையொன்று சரிபார்த்தன. அமெரிக்கர்களிடம் 132 ஆண்டுகளாக இருந்த கோப்பை கைமாறியது.

பாலம் கற்பித்த பாடம்

பந்தயத்தில் தவறான கணக்குக்கு விலை ஒரு கோப்பை மட்டுமே. கட்டுமானத்தில் அந்த விலை மனித உயிர்களாக இருக்கும்.

கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது கட்டப்பட்டு வந்த பாலம் 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி இடிந்து விழுந்தது. 75 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் 33 பேர் மொன்றியலை அடுத்த கானவாகே பகுதியைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர்.

பாலத்தின் நடு இடைவெளி 1,600 அடியில் இருந்து 1,800 அடியாக நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆனால் பாலத்தின் சொந்த எடை குறித்த பழைய அனுமானம் உரிய வகையில் திருத்தப்படவில்லை. உண்மையான எடை கணக்கில் இருந்ததைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்ததை விசாரணை ஆணையம் பின்னர் உறுதிசெய்தது. அடிப்பகுதி இரும்புத் தூண்கள் வளையத் தொடங்கியதைக் களத்தில் இருந்தவர்கள் முன்கூட்டியே அளந்து கண்டனர். ஆயினும் வேலை உரிய நேரத்தில் நிறுத்தப்படவில்லை.

அதே இடத்தில் புதிய பாலத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்ற செயின்ட் லாரன்ஸ் பிரிட்ஜ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் படகுகளை வடிவமைத்த அதே டகன். அந்தப் பணியிலும் 1916இல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து மீண்டும் உயிர்கள் பலியாயின. 1917இல் பணி நிறைவடைந்தது. 549 மீட்டர் நடு இடைவெளி கொண்ட அப்பாலம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

பருத்தியின் பயணம்

கணக்கும் நிஜமும் பிரிந்துபோகும் இதே ஆபத்து, இன்று உலகச் சந்தையில் கைமாறும் பொருட்களிலும் காணப்படுகிறது. அதற்குத் தெளிவான உதாரணம் பருத்தி.

மொன்றியல் நீண்ட காலம் கனடாவின் ஆடைத் தொழிலின் தலைநகராக விளங்கியது. ஆடை வர்த்தகத்துக்கான சர்வதேச ஒதுக்கீட்டு முறை 2005ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்த பின்னர், இறக்குமதியின் போட்டி மேலும் கடுமையானது. தைக்கும் இடமாக இருந்த நகரம் வாங்கி விற்கும் இடமாக மாறியது. திருப்பூரில் தைக்கப்படும் பின்னலாடைகளுக்கும் கனடா ஒரு சந்தை.

வயலில் இருந்து கடை வரையிலான வழியில் பருத்தி பல கைகள் மாறுகிறது. விவசாயியிடம் இருந்து வியாபாரிக்கும், பின்னர் ஜின்னிங் ஆலைக்கும், நூற்பாலைக்கும், பின்னல் ஆலைக்கும், சாயப்பட்டறைக்கும் சென்று இறுதியில் தையல் தொழிற்சாலையை அடைகிறது. நூற்பாலையில் பல இடத்துப் பஞ்சு ஒன்றாகக் கலக்கப்படுகிறது. கலந்த பின்னர் எந்த இழை எந்த வயலுடையது என்று கண்ணால் சொல்ல இயலாது.

இங்குதான் மாதிரி உதவுகிறது. ஒவ்வொரு ஆலையும் ஒரு முனையாகவும், ஒவ்வொரு சரக்கு மாற்றமும் ஒரு கோடாகவும் கணினியில் வரையப்படுகிறது. ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு நுழைந்தது, எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு கழிவானது என்று கணக்கிடப்படுகிறது. விதையுடன் கூடிய 100 கிலோ பருத்தியில் இருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பஞ்சாகக் கிடைக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி விதை. நூற்பிலும் ஒரு பங்கு கழிவாகிறது. கோம்டு நூலுக்கு அது இன்னும் கூடுதல். ஓர் ஆலை வாங்கிய இயற்கைப் பருத்தியைக் காட்டிலும் அதிகமான இயற்கைப் பருத்தி நூலை விற்றதாகப் பதிவானால், எங்கோ பொய் நுழைந்திருக்கிறது என்று மாதிரி எச்சரிக்கும்.

இத்தகைய வலைப்பின்னல்களைக் கணிதமாக ஆராய்வதில் மொன்றியல் பெயர்பெற்றது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1971இல் தொடங்கப்பட்ட போக்குவரத்து ஆய்வு மையமும், அதன் வழிவந்த சிரெல்ட் என்ற பல்கலைக்கழகக் கூட்டு ஆய்வு மையமும் வாகன வழித்தடங்கள், சரக்கு விநியோகம் ஆகியவை குறித்த ஆய்வுகளில் உலக அளவில் அறியப்பட்டவை. விநியோகச் சங்கிலிகளில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்காக, கனடா அரசு 2018இல் ஆதரவு அறிவித்த ஸ்கேல் ஏஐ என்ற கூட்டமைப்பின் தலைமையகமும் இந்நகரில்தான் உள்ளது.

கணக்கு சரி, பொருள் பொய்

ஆனால் மாதிரிக்குள் செலுத்தப்படும் தகவலே பொய்யாக இருந்தால் என்ன செய்வது?

2020ஆம் ஆண்டு அக்டோபரில், இயற்கை ஜவுளிக்குச் சான்று வழங்கும் காட்ஸ் என்ற சர்வதேச அமைப்பு, இந்தியாவில் சுமார் 20 ஆயிரம் டன் பருத்திக்கு மோசடியாக இயற்கைப் பருத்தி என்ற சான்று பெறப்பட்டிருந்ததாக அறிவித்தது. போலிச் சான்றிதழ்களில் இருந்த குறியீட்டைச் சரிபார்க்கச் சென்றவர்களை, அரசு இணையதளத்தைப் போலவே அமைக்கப்பட்ட போலித் தளம் வரவேற்றது. கேட்ட கேள்விக்கெல்லாம் அது 'சரி' என்றே பதிலளித்தது.

ஆகவே, சோதனைத் தொட்டியைப் போல நிஜத்தை நேரடியாக அளக்கும் வழிகள் தேவைப்படுகின்றன. பருத்தி இழையில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதங்களும் நுண்தனிமங்களும், அது விளைந்த மண்ணையும் மழைநீரையும் பொறுத்து மாறுபடும். அதைக் கொண்டு விளைந்த பகுதியை அனுமானிக்கலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு அப்பகுதியின் நம்பகமான மாதிரிப் பஞ்சு கையில் இருக்க வேண்டும். பல நாட்டுப் பஞ்சு கலந்திருந்தால் முடிவு தெளிவாக இராது.

எடையில் தெரியாதது

இதைவிட ஆழமான மற்றொரு வரம்பும் உண்டு. மாதிரி எடையைப் பின்தொடர்கிறது, உழைப்பை அல்ல. கட்டாய உழைப்பால் நூற்கப்பட்ட ஒரு கிலோ நூலும், நியாயமான ஊதியத்தில் நூற்கப்பட்ட ஒரு கிலோ நூலும் தராசில் ஒன்றே.

தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம் பெண்கள் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டு, சில ஆண்டுகள் முடிந்த பின்னரே மொத்தத் தொகை தரப்படும் என்ற நிபந்தனையில் வேலை வாங்கப்பட்டதை, 2011ஆம் ஆண்டு நெதர்லாந்தின் சோமோ ஆய்வு அமைப்பும் இந்தியக் குழு அமைப்பும் வெளியிட்ட அறிக்கை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெண்களின் வேலை நேரமோ, விடுதியை விட்டு வெளியே செல்லும் உரிமையோ எந்தச் சரக்குப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

கட்டாய உழைப்பால் உருவான பொருட்களின் இறக்குமதியை கனடா 2020ஆம் ஆண்டு ஜூலையில் தடை செய்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமலில் உள்ள மற்றொரு சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் கட்டாய உழைப்பையும் குழந்தை உழைப்பையும் தடுக்க எடுத்த நடவடிக்கைகள் குறித்து ஆண்டுதோறும் மே 31ஆம் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது. மீறினால் இரண்டரை லட்சம் கனடிய டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம். எனினும் அச்சட்டம் கேட்பது அறிக்கையை மட்டுமே. ஒவ்வொரு பொருளின் தடத்தையும் வயல் வரை நிரூபிக்க வேண்டும் என்று அது கோரவில்லை.

கணினி மாதிரிகளால் பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல. ஆயிரக்கணக்கான ஆலைகளில் எதை முதலில் சென்று பார்க்க வேண்டும் என்பதை அவற்றால் சுட்டிக்காட்ட முடியும். ஆனால் ஆலைக்குச் சென்று பார்ப்பதும், அங்கு வேலை செய்பவர்கள் அச்சமின்றிப் பேச வழி செய்வதும், அவர்கள் சொல்வதைக் கேட்டு உரிய நேரத்தில் நடவடிக்கை எடுப்பதும் மனிதர்களின் பொறுப்பாகவே இருக்கும். 1907ஆம் ஆண்டு கியூபெக் பாலத்தில் இரும்பு வளைவதைக் கண்டவர்கள் இருந்தனர். அவர்களின் அளவீடு பழைய கணக்கை மாற்றும் முன்பே பாலம் விழுந்துவிட்டது.